தெத் திருநாள்: இயேசுவின் படத்துக்குக் கீழே தாத்தாவின் படம், அதன் முன் ஊதுவத்தி. இது சரியா?

முத்துக்குளித்துறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது தூத்துக்குடிக் கடற்கரையில். திருமணத்துக்குப் பிறகு நான்கு ஆண்டுகளாகத் தெற்கு வியட்நாமில், தொங் நாய் மாநிலத்தின் ஹோ நாய் பகுதியில் வசிக்கிறேன். (ஊர்ப் பெயரைக் கேட்டு என் தம்பி சிரித்த சிரிப்பைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.) கணவரின் குடும்பம் பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம். 1954இல் வியட்நாமை வடக்கு, தெற்கு எனப் பிரித்த ஜெனீவா உடன்படிக்கைக்குப் பின் வடக்கிலிருந்து தெற்கே வந்தவர்களில் கணவரின் தாத்தாவும் ஒருவர். வடக்கே புய் சூ மறைமாவட்டத்தில் இருந்த தம் பங்கின், அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த ஊர்ச் சமூகத்தின், பெயரையே இங்கே குடியேறிய இடத்துக்கும் சூட்டிக்கொண்ட மக்கள் இவர்கள். தெருவுக்கு ஒரு கோவில் என்றே சொல்லலாம்.

என் குழப்பம் இதுதான். எங்கள் வீட்டு முன்னறையின் சுவரில் மேலே சிலுவையும் இயேசுவின் திரு இருதயப் படமும் உள்ளன. அதற்கு ஒரு முழம் கீழே ஒரு மரப்பலகை. அதன்மேல் தாத்தாவின் படம், இரண்டு மெழுகுவர்த்தி, பூச்சாடி, ஊதுவத்தி குத்துவதற்கு மணல் நிரப்பிய ஒரு பீங்கான் கிண்ணம். தெத் எனப்படும் சந்திரப் புத்தாண்டு நெருங்கிவிட்டதால் மாமியார் அந்தப் பலகையைத் துடைத்து அலங்கரித்துக்கொண்டிருந்தார். அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "இதென்ன, இயேசுவுக்குக் கீழே இன்னொரு சாமி?" என்று பதில் வந்தது. அதன் பிறகு மூன்று நாள்களாக அம்மா சரியாகப் பேசவில்லை.

இத்துடன் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. இந்த ஆண்டு, அதாவது 2026இல், தெத் பிப்ரவரி 17ஆம் நாள் செவ்வாய்க்கிழமை வருகிறது. மறுநாள் திருநீற்றுப் புதன், அதாவது உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் நாள். புத்தாண்டின் இரண்டாம் நாள்தான் முன்னோருக்குரிய நாள். குடும்பம் முழுவதும் கூடி உண்ணும் நாள். அன்றைக்கு ஒருசந்தியும் (ஒருவேளை மட்டும் முழு உணவு) சுத்தபோசனமும் (இறைச்சி தவிர்த்தல்) என்றால் என்ன செய்வது என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

சைகோன்வாசி எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் பதினொரு ஆண்டுகளாக ஹோ சி மின் நகரில் பணிபுரிகிறேன். பழைய பெயரிலேயே நகரத்தை அழைப்பது இங்குள்ளவர்களின் வழக்கம். எனக்கும் அது ஒட்டிக்கொண்டது.

முதலில் உங்கள் அம்மாவிடம் ஒன்றைச் சொல்லுங்கள். வியட்நாம் திருச்சபை தெத் பண்டிகையை வெறுமனே பொறுத்துக்கொள்ளவில்லை. மூன்று நாளுக்கும் தனித்தனித் திருப்பலி வைத்துத் தன் வழிபாட்டுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டிருக்கிறது. முதல் நாள் புத்தாண்டின் அமைதிக்காகவும், இரண்டாம் நாள் முன்னோர், தாத்தா பாட்டி, பெற்றோருக்காகவும், மூன்றாம் நாள் செய்யும் தொழில் இறைவனுக்கு உகந்ததாக அமையவும் மன்றாடுகிறார்கள். முதல் நாள் நற்செய்தி மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் காட்டுமலர்ச் செடிகளையும் வானத்துப் பறவைகளையும் பற்றிய பகுதி. மூன்றாம் நாளுக்குத் தாலந்து உவமை.

இரண்டாம் நாள் நற்செய்திதான் உங்களுக்குத் தேவையானது. மத்தேயு 15ஆம் அதிகாரத்தின் தொடக்கம். "உமக்குத் தரவேண்டியது கடவுளுக்குக் காணிக்கையாகிவிட்டது" என்று சொல்லித் தாய் தந்தையைக் கைவிட்டவர்களை இயேசு கண்டிக்கும் பகுதி அது. முன்னோர் நாளுக்குச் சீராக்கின் ஞானநூலிலிருந்து மேன்மை பொருந்திய மூதாதையரைப் புகழும் பகுதியையும் வாசிக்கிறார்கள். ஆனாலும் அதற்குமேல் நற்செய்தியாக இதைத் தேர்ந்தவர்கள் தங்கள் மக்களின் காயத்தை அறிந்தவர்கள் என்பது என் எண்ணம். கடவுளைக் காரணம் காட்டிப் பெற்றோரை மறப்பவர்கள் என்ற பழி இங்குள்ள கத்தோலிக்கர்மேல் நெடுங்காலம் இருந்தது.

பல பங்குகளில் அன்றைய திருப்பலி கல்லறைத் தோட்டத்திலேயே நடக்கும். இங்குள்ள கத்தோலிக்கர் அதைக் கல்லறை என்று சொல்வதில்லை. புனித மண் என்றே சொல்கிறார்கள்.

நேர்கோடு எழுதியது:

சைகோன்வாசி ஐயா சொல்வது கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் கேள்விக்குப் பதில் வரவில்லை. தாய் தந்தையை மதிப்பது நான்காம் கட்டளை என்பதை யாரும் மறுக்கவில்லை. தூபம் கடவுளுக்கு உரியது. இறந்துபோன ஒரு மனிதரின் படத்தின் முன் ஊதுவத்தியைக் குத்திவைத்துத் தலைவணங்குவதைப் பார்க்கும் ஓர் எளிய விசுவாசி அதை வழிபாடு என்று எடுத்துக்கொண்டால், அது அவருடைய பிழையா? மேலும், இதே செயலைத் திருச்சபைதானே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குத் தடை செய்து வைத்திருந்தது? அன்று பாவமாக இருந்தது இன்று எப்படிப் புண்ணியமானது? சகோதரியின் தாயார் கேட்டதில் எனக்குத் தவறு ஒன்றும் தெரியவில்லை.

பழைய ஏடு எழுதியது:

நேர்கோடு அவர்களின் கேள்வி நியாயமானது. அதை வரலாற்றின் வழியாகத்தான் அணுக முடியும். சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்தருள்க.

1659இல் உரோமையின் விசுவாசப் பரப்புப் பேராயம், தொங்கின், கொச்சின்சீனா ஆகிய பகுதிகளுக்கு, அதாவது இன்றைய வியட்நாமின் வடக்குக்கும் தெற்குக்கும், புதிதாக அனுப்பப்பட்ட ஆயர்களுக்கு ஓர் அறிவுரையை வழங்கியது. சமயத்துக்கும் நல்லொழுக்கத்துக்கும் வெளிப்படையாக முரணாக இருந்தாலன்றி மக்களின் பழக்கவழக்கங்களை மாற்றச் சொல்லாதீர்கள், பிரான்சையோ ஸ்பெயினையோ இத்தாலியையோ அங்கே கொண்டுபோய் இறக்காதீர்கள் என்பது அதன் சாரம். அவ்வளவு தெளிவாகச் சொன்ன அதே உரோமைதான் பிறகு எதிர்த்திசையில் திரும்பியது. 1715இல் திருத்தந்தை பதினொன்றாம் கிளமென்ட்டும், 1742இல் பதினான்காம் பெனடிக்டும் சீனச் சடங்குகளுக்குத் தடை விதித்தனர். கன்ஃபூசியசுக்கும் மூதாதையருக்கும் செய்யும் மரியாதைகள் அதில் அடக்கம்; சீனாவுக்காகப் பிறந்த தடை வியட்நாமையும் கட்டிப்போட்டது. நம்மவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மதுரையில் இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி தொடங்கிவைத்த வழிமுறைகளைப் பற்றிய மலபார்ச் சடங்கு வழக்கிலும் அதே பதினான்காம் பெனடிக்ட்தான் 1744இல் தீர்ப்பு எழுதினார்.

இந்தத் தடை வியட்நாமில் என்ன செய்தது என்பதற்கு ஒரு சிறுவனின் கதை போதும். அரசுரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்த ஙுயென் ஆன், தன் மூத்த மகன் கான் என்ற இளவரசனை ஆயர் பிஞ்ஞோ தெ பெஹேனின் பொறுப்பில் பிரான்சுக்கு அனுப்பினார். அவர்கள் 1785இல் நம் புதுச்சேரிக்கு வந்து ஓராண்டுக்கும் மேலாகத் தங்கினார்கள். அந்த ஆயர் அதற்கு முன்பே புதுச்சேரிக்கு அருகிலுள்ள வீராம்பட்டினத்தில் குருமடம் நடத்தியவர். கான் இளவரசனுக்கு அப்போது வயது ஐந்து. பிரான்சுக்குப் போய், 1789இல் ஒன்பது வயதில் ஊர் திரும்பியபோது, மூதாதையர் பீடத்தின் முன் மண்டியிட மாட்டேன் என்று அவன் சொன்னதாகப் பதிவு. அரண்மனை அதிர்ந்தது. வேற்று மதத்துக்குப் போனவன் தாத்தா பாட்டியைக் கைவிட்டவன் என்ற பேச்சு அந்த நாட்டில் அதற்கு முன்பும் இருந்தது, பின்பும் தொடர்ந்தது. பிற்காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு நேர்ந்த மறைத்துன்பங்களுக்கு அரசியல் உட்படப் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் ஊரார் மனத்தில் தைத்த முள் இதுதான்.

பிறகு 1939 டிசம்பர் 8இல் பன்னிரண்டாம் பயஸ் காலத்து ஆணை சீனாவுக்கான தடையைத் தளர்த்தியது. மூதாதையர் படத்தின் முன் தலைவணங்குவது குடிமை மரியாதையாகக் கொள்ளத்தக்கது என்றது அது. அந்தத் தளர்வு வியட்நாமுக்கு வந்து சேர 1964 ஆயிற்று. 1965இல் வியட்நாம் ஆயர்கள் அதை அறிவித்தனர். 1974 நவம்பர் 14இல் ஞா சாங் நகரில் கூடிய ஆயர்கள் நடைமுறை விதிகளை எழுதினர்: மூதாதையர் பீடத்தை வீட்டில் வைக்கலாம், அது இறைவனின் பீடத்துக்குக் கீழே இருக்க வேண்டும், மூடநம்பிக்கைக்குரிய பொருள் எதுவும் அதில் இருக்கக் கூடாது. இறந்தவரின் ஆவி தங்குவதாகக் கருதப்படும் வெண்பட்டு உருவத்தை அவர்கள் எடுத்துக்காட்டாகவே குறிப்பிட்டுத் தடுத்தார்கள். ஊதுவத்தி, மெழுகுவர்த்தி, தலைவணங்குதல் எல்லாம் நன்றியுணர்வின் அடையாளங்கள் என்பதால் அவற்றுக்கு அனுமதி உண்டு. காகிதப் பணம் எரிக்கக் கூடாது. படையலைக் குறைத்துப் பூவும் பழமும் தூபமுமாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஆகவே நேர்கோடு அவர்களே, பாவம் புண்ணியமாக மாறவில்லை. அந்தச் செயலுக்கு அந்த மக்கள் கொடுக்கும் பொருள் என்ன என்பதை உரோமை காலம் தாழ்த்திக் கேட்டறிந்தது. இதில் திருச்சபைக்குப் பெருமை ஒன்றும் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

சைகோன்வாசி எழுதியது:

பழைய ஏடு ஐயாவுக்கு நன்றி. தூபத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அடக்கத் திருப்பலியில் குருவானவர் சவப்பெட்டியைச் சுற்றிவந்து தூபம் காட்டுவதை நேர்கோடு பார்த்ததில்லையா? பாட்டுத் திருப்பலியில் குருவுக்கும் நம் எல்லாருக்கும்கூடத் தூபம் காட்டுகிறார்கள்; அதனால் நாம் கடவுளாகிவிடுவதில்லை.

நேர்கோடு எழுதியது:

தூபத்தைப் பற்றிய என் வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சவப்பெட்டியை மறந்துவிட்டேன்.

ஆனால் தெத் என்பது அந்த ஒரு கிண்ணத்தோடு முடிவதில்லை. பன்னிரண்டாம் மாதம் 23ஆம் நாள் அடுப்படித் தெய்வத்தைக் கெண்டை மீன் மேல் ஏற்றி விண்ணுலகுக்கு அனுப்புகிறார்கள். புத்தாண்டில் முதலில் வீட்டுக்குள் கால்வைப்பவரைப் பொறுத்தே அந்த ஆண்டின் நன்மை தீமை என்கிறார்கள். முதல் மூன்று நாள் வீட்டைப் பெருக்கினால் செல்வம் போய்விடும் என்கிறார்கள். இது குதிரை ஆண்டு, அது பூனை ஆண்டு என்று குணம் சொல்கிறார்கள். ஒரு கத்தோலிக்கக் குடும்பம் கோட்டை எங்கே போடுகிறது?

முத்துக்குளித்துறை எழுதியது:

இதற்கு நானே பதில் எழுதுகிறேன், ஏனென்றால் இது எங்கள் வீட்டுக்குள் நடப்பது.

அடுப்படித் தெய்வம் எங்கள் வீட்டில் இல்லை. எங்கள் தெருவில் கெண்டை மீன் விடுபவரையும் நான் கண்டதில்லை. காகிதப் பணத்தை மாமியார் கையால்கூடத் தொடமாட்டார். மற்றவற்றைப் பொறுத்தவரை அவ்வளவு நேராகக் கோடு போட்டதாகச் சொல்ல முடியாது. முதல் காலடி நம்பிக்கையைப் பற்றிக் கேட்டால் "அதெல்லாம் அறியாமை, வீட்டுக்குள் முதலில் வரவேண்டியவர் இயேசு" என்பார். ஆனால் ஆண்டுதோறும் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பும்போது, வாசலில் எங்களையெல்லாம் நிறுத்திவிட்டு, சிரித்த முகமும் நல்ல உடல்நலமும் உள்ள தம் மூத்த சகோதரரைத்தான் முதலில் உள்ளே போகச் சொல்கிறார். கேட்டால், வயதில் மூத்தவருக்கு மரியாதை என்கிறார். நானும் அதற்குமேல் கேட்பதில்லை.

பழத்தட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். தெற்கத்தியர் சீத்தா, தேங்காய், பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றைத் தட்டில் வைப்பார்கள். அவர்கள் பேச்சுவழக்கில் இந்தப் பெயர்களைச் சேர்த்துச் சொன்னால் "செலவுக்குப் போதுமான அளவு கிடைக்க வேண்டுகிறோம்" என்று ஒலிக்கும். வாழைப்பழத்தின் பெயர் தலைகுப்புற விழுவதைக் குறிக்கும் சொல்லைப்போல ஒலிப்பதால் அவர்கள் அதைத் தட்டில் சேர்க்கமாட்டார்கள். என் மாமியார் வடக்கத்தியர். பச்சை வாழைச் சீப்புதான் அவர் தட்டுக்கு அடித்தளம், மற்றவை அதன் மேல்தான் அமரும். பக்கத்து வீட்டுத் தெற்கத்தியப் பெண்மணி ஒவ்வோர் ஆண்டும் அதைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டுவதும், மாமியார் அதைக் கேட்காததுபோல இருப்பதும் எங்கள் வீட்டுச் சடங்குகளில் ஒன்றாகிவிட்டது.

சைகோன்வாசி எழுதியது:

நேர்கோடு கேட்டதில் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன். எனக்கு அது கோவிலுக்குள்ளேயே தெரிகிறது. புத்தாண்டில் மொட்டுவிட்ட கிளையை ஒடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து அந்த ஆண்டின் நற்பேற்றைப் பெறுவது பழைய வழக்கம். அதற்குப் பதிலாக இப்போது கோவில்களில், தெற்கே மஞ்சள் மாய் மரத்திலும் வடக்கே இளஞ்சிவப்புப் பீச் மரத்திலும், சுருட்டிய சிறு தாள்களைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். ஒவ்வொன்றிலும் ஓர் இறைவார்த்தை இருக்கும். திருப்பலி முடிந்ததும் குடும்பத்துக்கு ஒன்றாகப் பறித்துக்கொண்டு போய், ஆண்டு முழுவதும் அதைத் தியானிக்க வேண்டும். அழகான ஏற்பாடுதான். ஆனால் துன்பத்தையோ சிலுவையையோ பற்றிய வசனம் வந்துவிட்டால், அதை மெதுவாகச் சுருட்டித் திரும்பக் கட்டிவிட்டு வேறொன்றைப் பறிப்பவர்களை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். தாத்தா படத்தின் முன் ஊதுவத்தி வைப்பவர் தாத்தாவைக் கடவுளாக்கவில்லை. இவர்களோ விவிலியத்தைக் கிளிசோதிடச் சீட்டாக ஆக்கிவிட்டார்கள். எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

பழைய ஏடு எழுதியது:

திருநீற்றுப் புதன் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. இது அடிக்கடி நேர்வதுதான். தெத் அமாவாசையை ஒட்டி வருகிறது. உயிர்ப்புப் பெருவிழா இளவேனில் முழுநிலவை ஒட்டிய ஞாயிறு. பிப்ரவரி நடுவில் தெத் வரும் ஆண்டுகளில், அந்த அமாவாசைக்கும் இந்த முழுநிலவுக்கும் இடையில் ஒன்றரைச் சந்திர மாதம், அதாவது ஏறத்தாழ 44 நாள் இருக்கும். உயிர்ப்பு ஞாயிறுக்கு 46 நாள் முன்பு திருநீற்றுப் புதன். எனவே இரண்டும் உரசிக்கொள்வதைத் தவிர்க்க முடியாது. 1988இல் புத்தாண்டு நாளே திருநீற்றுப் புதனாக இருந்தது. 1999இல் இந்த ஆண்டைப் போலவே இரண்டாம் நாள். 2015இல் புத்தாண்டுக்கு முந்தைய நாள். 2029இல் மறுபடியும் இரண்டாம் நாள். 2018இல் புத்தாண்டு தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் வந்தபோது பல மறைமாவட்டங்கள் சுத்தபோசனத்திலிருந்து விலக்கு அளித்தன.

சட்டம் எளிமையானது. சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களுக்கு, அறுபதாம் வயது தொடங்கும் வரை. திருச்சபைச் சட்டத்தின் 87ஆம் பிரிவு இத்தகைய ஒழுங்குகளிலிருந்து தம் மக்களுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை மறைமாவட்ட ஆயருக்கு வழங்குகிறது. ஆகவே நம் கருத்துகளை விட்டுவிட்டு, உங்கள் ஆயரின் அறிவிப்பை ஞாயிறு திருப்பலியில் கேளுங்கள். திருநீற்றுப் புதனன்று அந்நாளுக்குரிய திருப்பலியை ஒதுக்கிவிட்டு வேறு கருத்துக்கான திருப்பலியை வைக்க வழிபாட்டு விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை என்பதால், முன்னோர் நினைவை எங்கே எப்படிச் சேர்ப்பது என்பதையும் அவர்களே சொல்வார்கள். நெற்றியில் சாம்பலுடன் கல்லறைத் தோட்டத்தில் நிற்பதன் பொருத்தத்தைப் பற்றி எழுதக் கை துறுதுறுக்கிறது. அதைப் பங்குத்தந்தையின் மறையுரைக்கு விட்டுவிடுகிறேன்.

நேர்கோடு எழுதியது:

விலக்கு கிடைத்தாலும் அதைப் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

முத்துக்குளித்துறை எழுதியது:

நேர்கோடு அண்ணாவும் என் மாமியாரும் சந்தித்தால் நன்றாக ஒத்துப்போவார்கள். அறிவிப்பு எப்படி வந்தாலும் சரி என்று அவர் தம் பங்குக்கு ஒரு முடிவு எடுத்துவிட்டார்.

நேற்று பான் சுங் கட்டினோம். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இரவு முழுவதும் ஊறவைத்த பசையரிசியின் நடுவில் தோல் நீக்கிய பாசிப்பருப்பையும் மிளகு தடவிய கொழுப்புப் பன்றி இறைச்சியையும் வைத்து, பச்சை இலையில் சதுரமாக மடித்து, மூங்கில் நாரால் கட்டி, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேகவைப்பது. தெற்கத்தியர் வாழையிலையில் உருளையாகச் சுற்றுவார்கள். அதற்குப் பெயர் பான் தெத். என் முதல் ஆண்டில் நார் அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் இறுக்கிக் கட்டிவிட்டேன். அரிசி உப்பி இலையைக் கிழித்து, கொப்பரை முழுவதும் கஞ்சியானது. இந்த முறை மாமியார் எட்டுக் கட்டுகளை இறைச்சி இல்லாமல், பருப்பு மட்டும் வைத்துக் கட்டச் சொன்னார். அவற்றை அடையாளம் காண நாரில் சிவப்பு நூல் ஒன்றைச் சுற்றிவைத்தோம். புதன்கிழமைக்கு அவை. அவருக்கு வயது 67. ஒருசந்தி அவரைக் கட்டுப்படுத்தாது என்று பழைய ஏடு ஐயா எழுதியதை மொழிபெயர்த்துச் சொன்னேன். "சட்டத்துக்கு என் வயது தெரியும், என் மாமனாருக்கு என்னைத் தெரியும்" என்று சொல்லிவிட்டு இலையை மடிக்கத் தொடங்கினார்.

முத்துக்குளித்துறை எழுதியது:

கடைசியாக ஒன்றைத் தெரிவிக்க வேண்டும். இந்த இழையை முழுவதுமாக அம்மாவுக்கு அனுப்பிவைத்தேன். நேற்று மாலை காணொளி அழைப்பில் வந்தார். 1974ஆம் ஆண்டு விதியை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, மாமியாரும் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று திரையை உற்றுப் பார்த்தார். அம்மாவுக்குப் பின்னால் எங்கள் வீட்டுச் சுவர் தெரிந்தது: நடுவில் திரு இருதயப் படம், அதற்குப் பக்கத்தில் அதே உயரத்தில் மறைந்த அப்பாவின் படம், சந்தன மாலை, மேலே சிவப்பாக எரியும் சிறு மின்விளக்கு. இருபது ஆண்டுகளாக அப்படித்தான் இருக்கிறது. எனக்கே அது கண்ணில் பட்டதில்லை.

மாமியார் என்னிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அம்மா "என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். மொழிபெயர்க்க எனக்குத் தயக்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். "உன் அப்பா ஆண்டவருக்குச் சமமாகத் தொங்குகிறாரே, ஒரு முழமாவது கீழே இறக்கக் கூடாதா?"

அம்மா திரும்பிச் சுவரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு தம்பியைக் கூப்பிட்டார். இன்று காலை அவன் அனுப்பிய படத்தில் அப்பா ஒன்றரை அடி கீழே இறங்கியிருக்கிறார். பழைய ஆணி இருந்த துளையை இன்னும் அடைக்கவில்லை.